காக்கை இல்லாத காடு

எனக்கு அப்போது ஒன்பது வயது. அன்று ஆடி அமாவாசை. மலையாளிகளுக்குக் கர்க்கடக வாவு, ஊருக்கே விடுமுறை. மட்டாஞ்சேரியில் எங்கள் தெருவில் பாதிப்பேர் இறந்த முன்னோருக்குப் பலி போட விடியற்காலையிலேயே ஆலுவா ஆற்றங்கரைக்குக் கிளம்பிவிட்டார்கள். அப்பாவைப் பெற்ற தாத்தா காலமான பிறகு வந்த முதல் ஆடி அது. அப்பாவோ, லீவை வீணாக்குவானேன், வாழச்சால் காட்டுக்குப் போகலாம் என்றார். அம்மா தயிர்சாதத்தோடு, காக்கைக்கென்று தனியாக ஓர் உருண்டைச் சோற்றையும் இலையில் கட்டிக்கொண்டாள்.

காடு என்றால் எனக்கு யானை. யானை வரவில்லை, அட்டைதான் வந்தது. கணுக்காலில் ஒட்டியிருந்ததை வழிகாட்ட வந்த சேட்டன் உப்பைத் தடவி உதிர்த்தார். ரத்தம் வருகிறது, வலிக்கவில்லையே, அது எப்படி என்று அவரைத் துளைத்தெடுத்தேன். தலைக்கு மேலே பழைய ஃபேன் ஓடுவதுபோல் ஒரு சத்தம் கேட்டது. இருவாட்சிப் பறவை சிறகடித்தால் அப்படித்தான் இருக்குமாம்.

மத்தியானம் ஓடைக்கரைப் பாறையில் சோற்றை வைத்து, "கா, கா" என்று கூப்பிட்டாள் அம்மா. வைக்க வேண்டியவர் அப்பா. காட்டில் சோறு வைக்கக் கூடாதுதான். "இன்னிக்கு வாவு அல்லே" என்று சேட்டன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். காக்கை எடுக்காமல் எங்கள் வீட்டில் யாரும் சாப்பிட மாட்டோம். அரை மணி நேரம் போயிற்று.

"ஏன் சேட்டா வரல?"

"காட்டுக்கு இத்தன உள்ளே காக்க இல்ல மோளே. ஆள் இருக்கற எடத்துலதான் அது இருக்கும்."

"ஆலுவாவுக்கே போயிருக்கலாம்" என்றாள் அம்மா. அப்பா ஓடையோரம் போய் நின்றுகொண்டார். தாத்தா இருந்தவரை அவர் வீட்டுக்கு நானும் அம்மாவும்தான் போவோம். அப்பா தெருமுனையில் ஆட்டோவிலேயே உட்கார்ந்திருப்பார். ஏன் என்று கேட்டால் அம்மா எனக்குத் தலை பின்னத் தொடங்கிவிடுவாள்.

பெரியவர்கள் ஓடைப் பக்கம் திரும்பியிருந்தபோது சிங்கவால் குரங்கு ஒன்று இறங்கி வந்தது. முகத்தைச் சுற்றி நரைத்த பிடரி. சோற்றை முகர்ந்தது, என்னை ஒரு பார்வை பார்த்தது, வாரிக்கொண்டு மரமேறிவிட்டது. எனக்கோ பசியில் உயிர் போயிற்று. பொய் தானாக வந்தது.

"அப்பா, காக்கா எடுத்துட்டுப் போயிடுச்சு."

அம்மா கும்பிட்டாள். அப்பா வந்து என் எதிரே குந்தி உட்கார்ந்தார்.

"நீ பாத்தியா?"

"ம்."

"கோவமா இருந்துதா?"

"இல்லப்பா. சும்மா பாத்துட்டுப் போச்சு."

அது மட்டும் உண்மைதான். அப்பா ஓடையில் வெகுநேரம் முகம் கழுவினார். பிறகு வந்து, இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். நான் மாட்டிக்கொள்ளாத சந்தோஷத்தில் ஊறுகாயை நக்கிக்கொண்டே யோசித்தேன்: இவ்வளவு பெரிய அப்பா, ஒரு காக்கையின் கோபத்துக்குப் போய் ஏன் பயப்பட வேண்டும்?