காலியாக வந்த கேரியர்

காக்கி போட்டவரெல்லாம் போலீஸ் என்றுதான் எங்கள் நெல்லித்தோப்புத் தெரு நினைத்திருந்தது. அப்பா ஜெயில் வார்டர். தெருக்காரர்கள் அவரைப் போலீஸ்காரர் என்றார்கள், நானும் திருத்தவில்லை. அதனால் பள்ளிக்கூடத்தில் எனக்கு ஒரு மரியாதை இருந்தது. அப்பாதான் அலுத்துக்கொள்வார். போலீசுக்காவது தெருவில் நாலு பேர் சலாம் போடுகிறார்கள், எனக்குச் சலாம் போடுகிறவனெல்லாம் உள்ளே இருக்கிறான் என்பார்.

எங்கள் ஊரில் மலிவு என்று சொல்ல ஒன்று உண்டு. அதற்காகத்தான் சனிக்கிழமையானால் வெளியூர்க் கார்கள் வரிசைகட்டி வந்து நிற்கின்றன. அப்பா குடிக்கமாட்டார். ஆகவே ஊரில் மலிவாக இருந்த அந்த ஒன்றும் எங்களுக்கு உதவவில்லை. வந்தவர்கள் தங்க வேண்டுமே. தெருவில் ஒவ்வொரு போர்ஷனாகக் காலி செய்யச் சொல்லி, சுவருக்கு மஞ்சள் அடித்து, ஏசி மாட்டி, நாள் வாடகைக்கு விட ஆரம்பித்தார்கள். நாங்கள் மாதம் முழுக்கக் கொடுப்பதை வெளியூர்க்காரர்கள் சனி ஞாயிறுக்கே கொடுத்துவிட்டுப் போகிறார்களாம். இந்தப் பேச்சு வரும்போதெல்லாம் அம்மா குரலைத் தாழ்த்திக்கொள்வாள். வீட்டுக்காரம்மாவின் காதில் விழுந்து அவளுக்கும் யோசனை வந்துவிட்டால் என்ன செய்வது?

சம்பளம் வந்த சூட்டோடு வாடகைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் பெட்ரோலுக்கும் போய்விடும். குவார்ட்டர்ஸ் கேட்டு அப்பா எழுதிக் கொடுத்திருந்தார். முறை வரவேயில்லை. டியூட்டி முடிந்து வந்து பூட்ஸைக்கூடக் கழற்றாமல் சுவரில் சாய்ந்தபடி தூங்கிவிடுவார். "உள்ள இருக்கறவனுக்கு வாடகையும் இல்ல, கரண்டு பில்லும் இல்ல. தண்டனையெல்லாம் வெளியே இருக்கற எனக்குத்தான்" என்று அவர் சொன்னால் நாங்கள் சிரிப்போம். அவர் அவ்வளவாகச் சிரித்ததாக ஞாபகம் இல்லை. அம்மா எழுந்து சமைப்பதற்குள் கிளம்ப வேண்டிய வேலை. அதனால் மதியச் சாப்பாடு ஜெயிலுக்குப் பக்கத்து மெஸ்ஸில். அதற்கான காசை அம்மா சர்க்கரை டப்பாவிலிருந்து எடுத்து முதல்நாளே அவர் சட்டைப்பையில் வைத்துவிடுவாள்.

அந்த வருஷம் வீட்டுக்காரம்மாவின் ஒரே மகன் சாராயக்கடை வாசலில் நடந்த அடிதடியில் எவனுடைய மண்டையையோ உடைத்துவிட்டு ஜெயிலுக்குப் போனான். போனது அப்பா வேலை பார்த்த ஜெயிலுக்கேதான். மறுநாள் காலை அப்பா கிளம்புகிற நேரத்துக்கு அவள் எங்கள் வாசலில் வந்து நின்றாள். கையில் மூன்றடுக்கு கேரியர். மீன் குழம்பு வாசனை அவளுக்கு முன்னால் உள்ளே வந்துவிட்டது.

"புள்ளைக்கு மட்டும் குடுத்துடு தம்பி. அங்க சோறு தொண்டையில எறங்காது அவனுக்கு."

"உள்ள எதுவும் எடுத்துட்டுப் போவ முடியாதுக்கா. கேட்ல எங்களையே தடவிப் பாத்துதான் உடுவாங்க. வேலை போயிடும்."

அவள் கோபப்படவில்லை. பக்கத்து போர்ஷனைப் பார்த்தாள். அங்கே பெயிண்ட்காரர்களின் ஏணி சாய்த்து வைத்திருந்தது. "அவுங்கள காலி பண்ணச் சொல்லிட்டேன். ஒங்கள நான் ஒண்ணும் சொல்லலியே தம்பி" என்றாள். அப்பா வாயைத் திறப்பதற்குள் அம்மா கையை நீட்டி கேரியரை வாங்கிக்கொண்டாள்.

அன்றிலிருந்து கேரியர் அப்பாவின் வண்டியில் தொங்கியபடி போகும், சாயங்காலம் கழுவித் துடைத்துக் காலியாக வரும். வீட்டுக்காரம்மா வாசலிலேயே காத்திருப்பாள்.

"உப்பு ஒறப்பு சரியா இருந்துச்சா தம்பி?"

"சரியா இருந்துச்சிக்கா."

அவள் முகம் மலர்ந்துவிடும். மறுநாள் இன்னும் சிரத்தையாகச் சமைப்பாள். சங்கரா மீன், முருங்கைக்கீரை, ஞாயிற்றுக்கிழமையானால் கோலா உருண்டை. வாடகையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. எத்தனை பூட்டைத் தாண்டி அப்பா இந்தச் சோற்றைக் கொண்டுபோகிறார் என்று நினைத்து எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அந்த நாட்களில் எங்கள் வீட்டிலும் ஒரு நல்லது நடந்தது. அப்பா தினமும் முட்டை வாங்கி வந்தார். ஒரு கையில் அவளுடைய கேரியர், மறு கையில் காகிதத்தில் சுற்றிய முட்டை. அதற்குக் காசு எங்கிருந்து வந்தது என்று யோசிக்கிற வயதில்லை. முட்டை கோழியிடமிருந்து வருகிறது என்பது மட்டும் தெரியும். அப்பாவின் கன்னம்கூடக் கொஞ்சம் பூசினாற்போல ஆனது.

மகன் ஜாமீனில் வந்தான். அவன் வந்த சாயங்காலமே வீட்டுக்காரம்மா எங்கள் வாசலுக்கு வந்துவிட்டாள். பின்னாலேயே அவனும் வந்தான். கழுத்தெலும்பு துருத்திக்கொண்டிருந்தது.

"என்னா சோறு, யாரு குடுத்தா? இவுரு என் மூஞ்சியக்கூட ஏறெடுத்துப் பாக்கமாட்டாரு" என்றான்.

"அப்ப யாரு தம்பி சாப்ட்டது?" என்று கேட்டாள் அவள்.

அப்பா பொய் சொல்வார் என்று நான் எதிர்பார்த்தேன். சொன்னால் தேவலை என்றுகூட இருந்தது. "நான்தான்க்கா. உள்ள கொண்டுபோவ முடியாதுன்னு அன்னிக்கே சொன்னேன். கொட்டவும் மனசு வரல" என்றார்.

அவள் கத்தியிருந்தால் பரவாயில்லை. "இருட்டோட எழுந்து புள்ளைக்குன்னு ஆக்குனேனே" என்று மட்டும் சொல்லிவிட்டு வாசற்படியிலேயே உட்கார்ந்து அழுதாள். அதிகாரி வந்தால் கைதிகள் எப்படி நிற்பார்கள் என்று அப்பா எனக்கு நடித்துக் காட்டியிருக்கிறார். கையைக் கட்டி, தலையைத் தொங்கப்போட்டு, அன்று அவர் அப்படித்தான் நின்றார். கைதி சோற்றைத் தின்றவர் என்று தெரு முழுக்கப் பேச்சு. இப்போது ஒருவரும் அவரைப் போலீஸ்காரர் என்று சொல்லவில்லை. எனக்கு அவமானமாக இருந்தது. அப்பா மேல் கோபம்கூட வந்தது. அம்மாதான் தினமும் சட்டைப்பையில் காசு வைத்தாளே, பசித்தால் மெஸ்ஸுக்குப் போயிருக்க வேண்டியதுதானே?

மாதம் முடிவதற்குள் காலி செய்தோம். உழவர்கரையைத் தாண்டி எங்கேயோ, தண்ணீர் உப்புக் கரிக்கும் ஒரு வீடு. முதல் நாள் சாயங்காலம் அப்பா வண்டியை நிறுத்திவிட்டு வந்தார். இரண்டு கையும் காலி. தட்டில் சோறும் ரசமும் இருந்தன.

"முட்டை வாங்கலியாப்பா?" என்று கேட்டேன்.

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா அடுப்பின் பக்கம் திரும்பிக்கொண்டாள். "இங்க கடை தூரம் பாப்பா" என்றார் அப்பா.

சாமான் வண்டியிலிருந்து இறங்கும்போதே மூலைக்கடையில் முட்டை அட்டைகள் அடுக்கியிருந்ததை நான் பார்த்திருந்தேன். பாவம், அசதியில் அப்பா கவனிக்கவில்லை போலிருக்கிறது, நாளைக்கு நாமே கூட்டிப்போய்க் காட்டலாம் என்று நினைத்துக்கொண்டு ரசம் சோற்றைச் சாப்பிட்டு முடித்தேன்.