செருப்பு பார்த்த திசை

போன வாரம் ஒரு நிச்சயதார்த்தத்துக்காகக் குடவாசல் போயிருந்தேன். சாப்பிட்டுவிட்டு வெளியே வந்தால், என் செருப்பு வீட்டைப் பார்த்தபடி கிடக்கிறது. கழற்றிப் போட்ட மாதிரியே கிடக்காமல் செருப்பு வேறென்ன செய்யும் என்கிறீர்களா? நியாயம்தான். ஆனால், இடது முழங்கால் மடங்காத ஆசாமிக்கு அதைத் திருப்பி மாட்டுவது ஒரு சர்க்கஸ். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றபோது ஷபானா ஞாபகம் வந்தது.

பல வருடங்களுக்கு முன், எங்கள் தெருவில் நான்காவது வீடு. அப்போது அவளுக்கு ஐந்து வயது. அத்தா சவுதியில் ஏசி மெக்கானிக். பிள்ளைக்கு ஆட்டிசம் என்று தஞ்சாவூர் டாக்டர் சொல்லியிருந்தார். யார் முகத்தையும் பார்க்க மாட்டாள். பேச்சும் ஒன்றிரண்டு வார்த்தைதான்.

பக்கத்து நர்சரிப் பள்ளியில் சேர்க்கக் கேட்டபோது மூன்று பக்க விண்ணப்பப் பாரம் கொடுத்தார்கள். அம்மா நஸீமா அதை என்னிடம் கொண்டுவந்தார். வேறு யாரிடம் போவார்? கல்வி அலுவலகத்தில் முப்பத்தைந்து வருடம் பாரங்களோடு குடும்பம் நடத்தியவன் நான். ஒரு கட்டத்தையும் காலியாக விட்டதில்லை... அதிலொரு பெருமை வேறு!

நாலைந்து நாள் அவர்கள் வீட்டுக்குப் போய்க் கேட்டுக் கேட்டு நிரப்பினேன்.

"மத்த புள்ளைங்க அழுதா என்னம்மா செய்வா?"

"திரும்பிப் பார்க்க மாட்டா சார்."

பிறர் துன்பத்தை உணர்கிறாரா? — இல்லை.

திரும்பத் திரும்பச் செய்யும் பழக்கம் ஏதும் உண்டா? — வாசலில் செருப்புகளைத் திருப்பி வைக்கிறார். நானே கண்ணால் பார்த்தது. முத்து முத்தாக எழுதிக் கொடுத்தேன்.

பத்தாம் நாள் பதில் வந்தது. மற்ற குழந்தைகளோடு ஒட்ட மாட்டாள், சிறப்புப் பள்ளியில் சேருங்கள்.

ஆறுதல் சொல்லப் போனேன். விஷயம் கேள்விப்பட்டு அக்கம்பக்கத்தாரும் வந்திருந்தார்கள். வாசலில் ஏழெட்டு ஜோடிச் செருப்பு. நான் கிளம்ப எழுந்ததும் ஷபானா முன்னால் ஓடினாள். என் செருப்பை மட்டும் எடுத்து, தெருவைப் பார்க்கத் திருப்பி, நான் வழக்கமாகப் பிடித்துக்கொள்ளும் தூணுக்குப் பக்கத்தில் வைத்தாள். என்னை ஏறிட்டும் பார்க்காமல் உள்ளே போய்விட்டாள்.

"மத்தவங்களுதைத் தொடலையேம்மா?"

"உங்களுதை மட்டும்தான் சார். மொத நாளு செருப்பு மாட்டுறப்ப முட்டியப் புடிச்சிக்கிட்டுத் தடுமாறுனீங்கள்ல... அதுலேர்ந்து."

"ஏம்மா, முன்னாடியே சொல்லக் கூடாதா?"

"நீங்க எங்க சார் கேட்டீங்க? பாரத்துல இருந்ததைத்தானே கேட்டீங்க."

மறுநாளே மறுபரிசீலனை மனுவோடு பள்ளிக்குப் போனேன். தாளாளர் பழைய பாரத்தை என் பக்கம் நகர்த்தினார்.

"எல்லாம் நீங்க எழுதினதுதானே சார்?"

நான் எழுதியதுதான். அடித்தல் திருத்தல்கூட இல்லை.

அடுத்த மாதமே அம்மாவும் மகளும் சிறப்புப் பள்ளிக்காகத் தஞ்சாவூரில் வாடகை வீட்டுக்குப் போனார்கள். சவுதிக் காசில் கட்டிய புது வீட்டில் பூட்டு தொங்கியது. போகிற அன்றும் ஷபானா என் செருப்பைத் திருப்பி வைத்துவிட்டுத்தான் வேனில் ஏறினாள்.

நிச்சயதார்த்த வீட்டு வாசலில் முப்பது பேராவது நின்றிருப்பார்கள். எல்லோரும் என் முகத்தைப் பார்த்து அன்பாகச் சிரித்தார்கள்.

செருப்பை யாரும் பார்க்கவில்லை.