முள் மீனுக்குத் தடை

மதியச் சாப்பாட்டு மணி அடித்தாலே எனக்குத் தலைவலி தொடங்கிவிடும். என் யூ.கே.ஜி. வகுப்பில் இருபத்தெட்டுப் பிள்ளைகள். வாசல் கம்பிக்கு அந்தப் பக்கம் இருபது அம்மாக்கள், கையில் கரண்டியோடு. பிள்ளை தானாக அள்ளிச் சாப்பிட்டுப் பழகட்டும் என்று சொல்லிச் சொல்லி என் வாய் வலித்ததுதான் மிச்சம். "நீங்க சும்மா இருங்க மிஸ், நான் ஊட்டலன்னா அவன் பட்டினியா கெடப்பான்" என்பார்கள்.

இந்த அழகில் நிர்வாகம் ஒரு மதிப்பீட்டு அட்டை வேறு அச்சடித்துக் கொடுத்தது. எழுத்தும் எண்ணும் மட்டும் போதாதாம். விரல் திறன், கவனம், பொறுமை, பிறருக்கு உதவுதல் என்று நான்கு கட்டங்கள். நல்ல யோசனைதான். ஆனால் விரல் திறனை எப்படிப் பார்ப்பது? பாசிமணி கோர்க்கச் சொல்லி. கவனத்தை? அதே பாசியை வைத்து. பொறுமையைப் பார்க்கவும் பாசிதான். பொறுமை எனக்குத்தான் போனது.

கடற்கரைத் தெருவிலிருந்து வரும் ஒரு பெண்பிள்ளை அந்தப் பாசியைத் தொடவே மாட்டாள். அவள் அம்மாவுக்கு மீன் கம்பெனியில் வேலை. மதியம் ஊட்ட வர முடியாது. நூலைக் கையில் கொடுத்தால், "இத கோத்து யாருக்குப் போடணும் மிஸ்?" என்று கேட்டாள்.

"யாருக்கும் இல்ல. உருவித் திரும்ப டப்பால போட்டுருவோம்."

"அப்ப எதுக்குக் கோக்கணும்?"

எரிச்சலில் நான்கு கட்டங்களிலும் 'இல்லை' என்று எழுதினேன். நான்கும் இல்லை என்றால் ஒன்றாம் வகுப்புக்கு அனுப்ப மாட்டார்கள். இன்னொரு வருடம் இதே வகுப்புதான். அதைச் சொல்ல அம்மாவை வரச் சொன்னேன்.

மறுநாள் மதியம் அரைமணி நேர அனுமதியில் அவள் அம்மா ஓடி வந்தாள். கையில் இன்னும் இறால் வாடை. "எத செய்ய மாட்டேங்கா மிஸ்?" என்றாள். சொல்ல வாயெடுத்தபோது சோற்றுக்கு அடியிலிருந்து பிள்ளை ஒரு சாளை மீனை எடுத்தாள்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. முள் மீன் கொண்டுவரக் கூடாது என்று வாசலில் எழுதி ஒட்டியவளே நான்தான். நான் கடலை ஒட்டாத நாசரேத்துப் பக்கத்துக்காரி. சாளையை வயிறாரத் தின்றதே கிடையாது, முள்ளென்றால் அவ்வளவு பயம். பிடுங்கப் போன என் கை பாதியிலேயே நின்றது.

பிள்ளை வாலைப் பிடித்து நடுமுள்ளை ஒரே இழுப்பில் உருவினாள். பக்க முள்களை ஒவ்வொன்றாக நகத்தால் கிள்ளி டப்பா மூடியின் ஓரத்தில் வைத்தாள். அக்கம்பக்கம் அத்தனை கூச்சல். அவள் தலை நிமிரவில்லை. பக்கத்தில் ஒரு பையன் தன் அம்மா இன்னும் வரவில்லை என்று மூக்கொழுக அழுதுகொண்டிருந்தான். மீனை விரலால் அமுக்கிப் பார்த்து, "முள்ளு இல்லலே, தின்னு" என்று அவன் வாயில் வைத்தாள். அவன் தின்றான்.

நான்கு கட்டங்களும் என் கண்முன்னே நிரம்பின. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

அவள் அம்மாவோ வேறு விதமாக எடுத்துக்கொண்டாள். என் முகத்தைப் பார்த்து, "மன்னிச்சிருங்க மிஸ், இனிமே முள்ளோட குடுத்துவிட மாட்டேன். இதுக்காக என் பிள்ளைய நிறுத்திராதீங்க" என்றாள். அதில்லம்மா என்று நான் தொடங்குவதற்குள் நேரமாகிவிட்டதென்று ஓடிவிட்டாள்.

அன்று சாயங்காலமே தலைமையாசிரியையிடம் போய் அட்டையைத் திருத்தினேன். "பாசிதானே சோதனை, இதில மீன் எங்க வருது?" என்று அவர் கேட்டார். நடந்ததைச் சொல்லிக் கத்தினேன் என்றே சொல்ல வேண்டும். பிள்ளைக்கு ஒன்றாம் வகுப்பு கிடைத்தது. அப்பாடா என்றிருந்தது.

மறுநாள் அவள் டப்பாவைத் திறந்தாள். முள் எடுத்த மீனைச் சோற்றோடு பிசைந்து, உருண்டை உருண்டையாகப் பிடித்து அடுக்கியிருந்தது. இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சாப்பிடு" என்றேன்.

"அம்மாவே எல்லாம் எடுத்துட்டா மிஸ். நீங்கதான் சொன்னீங்களாம்."

வாசலுக்குப் போய் அந்த அறிவிப்பைக் கிழித்தேன். கம்பியில் அந்த இருபது அம்மாக்களும் ஊட்டிக்கொண்டிருந்தார்கள். இருபத்தொன்றாவதாக ஒருத்தியை நானே சேர்த்துவிட்டிருந்தேன்.