கமருன்னிஸாவும் கணினி அறைப் பூட்டும்

அரசுப் பள்ளிக்கு வந்த கணினிக்கு எலிதான் எதிரி என்பார்கள், ஈரம் என்பார்கள், கரண்ட் என்பார்கள். எல்லாம் சும்மா. முதல் எதிரி பூட்டு. கமருன்னிஸா இதைச் சொல்லும்போது கேட்பவர்கள் சிரிப்பார்கள். அவள் சிரிக்க மாட்டாள். அந்தப் பூட்டோடு மல்லுக்கட்டியே அவளுடைய பாதி வயது போயிற்று.

இத்தனைக்கும் அவள் பூட்டு விற்றவர் மகள். அத்தா ஹாஜா மைதீன் குத்தாலம் கடைத்தெருவில் இரும்புச் சாமான் கடை வைத்திருந்தார். தெருவில் வீட்டுக்கு ஒரு ஆண் சார்ஜாவிலோ குவைத்திலோ இருந்தான். கமருன்னிஸா மயிலாடுதுறைக்கு பஸ்ஸில் போய்க் கணினி படித்தாள். சார்ஜாவில் வேலை பார்த்த ஜாஃபர் சாதிக் லீவில் வந்து நிக்காஹ் முடித்துக்கொண்டு திரும்பிப் போனான். வட்டாரத்து அரசுப் பள்ளிகளின் கணினிகளைப் பராமரிக்க ஒரு கம்பெனி ஒப்பந்தத்தில் ஆள் எடுத்தபோது அவள் போய்ச் சேர்ந்தாள். அத்தனை பள்ளிக்கும் அவள் ஒருத்திதான்.

தோளில் ஒரு ரெக்சின் பை. அதில் ஸ்க்ரூ டிரைவர், பெயின்ட் பிரஷ், பிள்ளைகள் எழுதி அழிக்கிற ரப்பர். மழைக்காலத்தில் ஈரம் ஏறினால் ரேம் என்கிற சின்ன அட்டையின் முனை மங்கிப் போய், பெட்டி பீப் பீப் என்று கத்தும். ரப்பரால் நாலு இழுப்பு இழுத்துச் செருகினால் பெரும்பாலும் வாயை மூடிக்கொண்டு ஓடும். இந்த வேலைக்கெல்லாம் அவள் அலுத்துக்கொண்டதே இல்லை. கதவைத் திறக்கச் சொல்லிக் கெஞ்சுவதுதான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஏன் பூட்டினார்கள் என்றால், அதற்கும் ஒரு கணக்கு உண்டு. தலைமையாசிரியர் ஓய்வு பெறும்போது பள்ளிச் சாமான்களை அடுத்தவரிடம் எண்ணி ஒப்படைக்க வேண்டும். சார்ஜ் கொடுப்பது என்று பெயர். ஒன்று குறைந்தாலும் உடைந்தாலும் பென்ஷன் நின்றுவிடும். ஓடுகிறதா என்று எவரும் கேட்பதில்லை, இருக்கிறதா என்றுதான் கேட்பார்கள். ஆகவே வந்த நாளிலேயே பூட்டி, பூட்டியபடியே ஒப்படைத்துவிட்டுப் போவார்கள். வாங்கிக்கொண்டவரும் அதையே செய்வார்.

குத்தாலத்துக்குக் கிழக்கே ஒரு கிராமத்துப் பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் அப்போது பஞ்சநதம் தலைமையாசிரியர். வரும் மே மாதம் ஓய்வு. கெட்டவர் என்றால் திட்டிவிட்டுப் போகலாம். மனிதர் தங்கமானவர், அதுதான் எரிச்சல். "காப்பி சாப்பிடும்மா, சார்ஜாவுல மாப்பிள்ளை சௌக்கியமா?" என்பார். சாவியை மட்டும் கேட்கக் கூடாது.

இரண்டாயிரத்தாறில் மாவட்டத்திலிருந்து ஒரு சேதி வந்தது. தீபாவளி கழிந்து ஆய்வு. கணினிகள் ஓடாத பள்ளியில் கணினிப் பிரிவை எடுத்துவிட்டு, பெட்டிகளை டவுன் பள்ளிக்கு அனுப்பிவிடுவார்கள். பிரிவு போனால் பன்னிரண்டாம் வகுப்புப் பெண்களும் டவுனுக்குத்தான் போக வேண்டும்.

குத்தகைக்கு நிலம் உழும் வீரையனின் மகள் குந்தவை அந்த வகுப்பில் இருந்தாள். வீரையன் ஒளிவுமறைவு இல்லாமல் சொல்லிவிட்டான். "இங்க இருக்கிறவரைக்கும் படிக்கட்டும். டவுனுக்கெல்லாம் அனுப்புறதா இல்லீங்க. மாப்பிள்ளை வேற கேட்டு வந்திருக்காங்க." முக்கால்வாசி வீடுகளில் இதே பேச்சுதான்.

கமருன்னிஸா பஞ்சநதத்திடம் ஓடினாள். அவர் முகத்தில் கவலையே இல்லை.

"தூக்கிட்டுப் போகட்டும்மா. சார்ஜ் குடுக்கிற தலைவலி விட்டுச்சு."

"பிள்ளைங்க படிப்பு போயிடும் சார்."

"நான் என்னம்மா பண்றது? முப்பத்தஞ்சு வருச சர்வீஸ். கடைசியில ஒரு மவுசுக்காக நான் ஆபீஸ் ஆபீஸா அலையணுமா?"

அன்றிரவு ஜாஃபர் சாதிக் போனில் கூப்பிட்டான். விசா தயாராகிவிடும், இங்கே வந்து ஏசி அறையில் நிம்மதியாக இரு என்றான். "நான் கம்ப்யூட்டர் ரூமுக்குத்தான் ஏசி கேட்டேன், எனக்கில்ல," என்றாள் அவள். அவன் சிரித்தான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை, அழுகைதான் வந்தது. அழுது முடித்ததும் பிடிவாதம் வந்தது.

அந்த வருடம் நோன்பு மாதத்திலேயே ஆயுத பூசையும் வந்தது. கணினி அறை வருடத்துக்கு ஒருமுறை திறக்கிற நாள் அது ஒன்றுதான். ஒவ்வொரு திரைக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டி, பொரிகடலை கொடுத்தார்கள். கமருன்னிஸா தன் பங்கை நோன்பு திறக்கும் நேரத்துக்கென்று பொட்டலமாக மடித்துப் பையில் வைத்தாள். பஞ்சநதம் பூட்டை எடுக்கும்போது கேட்டாள்.

"விஜயதசமிக்கு மறுபூசை உண்டுல்ல சார்?"

"உண்டும்மா. பூசைக்கு வச்சதை எடுத்து ஒருதரமாவது தொழில் பண்ணணும். எங்க வீட்ல மம்பட்டிய எடுத்து வரப்புல ஒரு கொத்து கொத்திட்டுத்தான் வைப்போம்."

"இதுகளை மட்டும் பூசை போட்டு அப்படியே பூட்டுறீங்க. மம்பட்டிக்கு ஒரு நியாயம், கம்ப்யூட்டருக்கு ஒரு நியாயமா?"

பஞ்சநதம் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "உனக்கெப்படிம்மா இதெல்லாம் தெரியும்?"

"பூசைக்கு அரிவா வாங்கிட்டுப் போயி, விஜயதசமி அன்னிக்கே மொண்ணைன்னு திருப்பிக் கொண்டாருவாங்க சார் எங்க கடைக்கு. வேலை செஞ்சு பாத்தாத்தானே மொண்ணைன்னு தெரியும்."

பஞ்சநதம் சார்ஜுக்குப் பயந்தவர்தான், சாமிக்கு அதைவிடப் பயந்தவர். விஜயதசமியன்று காலையில் குளித்து விபூதி பூசி வந்து அவரே திறந்தார். குந்தவையும் மற்றப் பெண்களும் வாசலில் காத்திருந்தார்கள்.

சுவிட்சைப் போட்டால் ஒன்று பீப் என்றது, ஒன்று மூச்சே விடவில்லை. ஒரு பெட்டியின் மூடியைக் கழற்றினால் உள்ளே எலி குடும்பம் நடத்திய அடையாளம், பிடி நெல் உமி. "போச்சு, போச்சு," என்று பஞ்சநதம் நாற்காலியில் சாய்ந்தார். கமருன்னிஸா நோன்பு வாயோடு தரையில் உட்கார்ந்தாள். பிரஷ், ரப்பர், மறுபடி பிரஷ். குந்தவை தாவணியை இழுத்துச் செருகிக்கொண்டு உமியை அள்ளினாள். உச்சிப்பொழுதில் பாதிக்கு மேல் ஓடின. பெண்கள் தங்கள் பெயரைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"சரி, தொழில் பண்ணியாச்சு. எந்திரிங்க, பூட்டணும்," என்றார் பஞ்சநதம்.

"பூட்ட வேணாம் சார். எல்லாத்தையும் என் பொறுப்புன்னு எழுதிக்குங்க. உடைஞ்சா நான் பதில் சொல்றேன்."

"உன் கையெழுத்துக்கு என்னம்மா மதிப்பு? ஒப்பந்தத்துல வந்த ஆளு. நாளைக்கே வேண்டாம்னா வீட்டுக்குப் போகணும்."

உண்மைதான். உண்மை என்பதால்தான் சுட்டது. பெண்கள் முன்னால் சொன்னது இன்னும் சுட்டது. அவள் எழுந்து நின்றாள்.

"ஆமா சார். எனக்கு சர்வீசும் இல்ல, பென்ஷனும் இல்ல. நிறுத்தி வைக்கிறதுக்கு எங்கிட்ட என்ன இருக்கு? அதனாலதான் சொல்றேன், என் பேர்ல எழுதுங்க. உங்களுக்குத்தான் பயம். எனக்கு எதுக்குப் பயம்?"

அவர் வாயைத் திறப்பதற்குள், கொக்கியில் தொங்கிய பூட்டைக் கழற்றிக்கொண்டு பின்பக்கம் போனாள். புரட்டாசித் தண்ணீர் வாய்க்காலில் கரை முட்டிப் போய்க்கொண்டிருந்தது. வீசினாள். பூட்டு விழுந்த சத்தம் அறை வரை கேட்டது.

"வேற பூட்டு வாங்கியாரச் சொல்றேன்," என்றார் பஞ்சநதம்.

"இன்னிக்குப் பூசை லீவு. குத்தாலத்துல எங்க அத்தா கடைதான் சார் திறந்திருக்கு. இந்தப் பள்ளிக்கூடத்துக்குப் பூட்டு குடுக்காதீங்கன்னு சொல்லிட்டுத்தான் வந்தேன்."

பெண்கள் தலையைக் குனிந்து சிரித்தார்கள். பஞ்சநதம் சாமான் பட்டியலை எடுத்து மேசைமேல் வைத்தார். பிறகு அவள் பேரில் எழுதப் பேனாவைத் திறந்தார்.

அதன்பின் ஆய்வு வரைக்கும் அந்த அறைக்கு ஓய்வில்லை. கரண்ட் இருக்கிற நேரமெல்லாம் யாராவது ஒருத்தி தட்டிக்கொண்டிருந்தாள். ஒரு கீபோர்டில் எழுத்துகளே தேய்ந்துவிட்டன. ஆய்வுக்கு வந்த அதிகாரி வாசலிலேயே நின்றுவிட்டார். குந்தவை எழுதிய புரோகிராமை ஓட்டச் சொல்லிப் பார்த்தார். பிரிவு இங்கேயே தொடரலாம் என்று எழுதிக் கையெழுத்திட்டார். வெளியே வேலியோரம் நின்ற வீரையன் தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

எல்லாம் முடிந்தது என்று கமருன்னிஸா பையைத் தோளில் மாட்டும்போது, அதிகாரி சாமான் பட்டியலை எடுத்து ஒவ்வொன்றாக எண்ணத் தொடங்கினார். கணினி சரி, நாற்காலி சரி, யுபிஎஸ் சரி. கடைசி வரியில் விரல் நின்றது. முகம் சுண்டியது.

"பூட்டு ஒண்ணு குறையுதே. பூட்டு எங்க?"

அத்தனை பெட்டியும் ஓடிக்கொண்டிருக்க, அத்தனை பெண்களும் உட்கார்ந்திருக்க, அந்த மனிதருக்குக் குறைந்ததாகப்பட்டது அது ஒன்றுதான்.

"வாய்க்கால்ல கிடக்குது சார்," என்றாள் கமருன்னிஸா. "அதையும் என் பேர்லயே எழுதிக்குங்க."