ஏறாத வெப்பமானி

சளிக்கென்று மருந்துக்கடையில் யூக்கலிப்டஸ் தைலம் வாங்கினேன். மூடியைத் திறந்ததும் சளி போனதோ இல்லையோ, கோபம் வந்துவிட்டது. தைலப் போத்தலோடு சண்டை போடுகிறவன் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் நடுவில், மலையகத்தில் அப்புத்தளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் அந்தத் தைலம் வடித்தார்கள். படித்த இரசாயனத்தின் கர்வத்தோடு யாழ்ப்பாணத்திலிருந்து போய் உதவியாளனாகச் சேர்ந்தேன். கலனில் இலையும் தண்ணீரும் நிரப்பி அடுப்பெரிப்பவர் கருப்பையா. மனைவி கொழுந்து பறித்தாள், மூன்று பிள்ளைகள், தொழிலாளர் லயத்தில் ஓர் அறை.

தோட்டத்தை நிர்வகிக்கப் புதிதாக வந்த துரை கலனில் ஒரு வெப்பமானியைப் பொருத்தினார். தண்ணீர் இருநூற்றுப் பன்னிரண்டு பாகை பரனைட்டில் கொதிக்கும் என்பது அவர் படித்தது. இதுவோ இருநூற்றிரண்டிலேயே நின்றது. கருப்பையா அடுப்பைக் கவனிக்காமல் வேலை நேரத்தில் தூங்குகிறார் என்று துரை முடிவு கட்டிவிட்டார்.

"வெறகு போட்டுக்கிட்டேதாங்க இருக்கேன். ஏறமாட்டேங்குது. நீங்களாச்சும் தொரைகிட்ட சொல்லுங்கய்யா" என்றார் கருப்பையா.

சொல்ல என்னிடம் விடை இருந்தது. இரசாயனத்தில் நிலைவிதி என்று ஒரு கணக்கு உண்டு. தண்ணீர் ஒரு நிலை, அதில் கலக்காத தைலம் இரண்டாவது, ஆவி மூன்றாவது. பொருள்கள் இரண்டு. அதோடு இரண்டைக் கூட்டி மூன்றைக் கழித்தால் மிஞ்சுவது ஒரே ஒரு சுதந்திரம், அதாவது அழுத்தம், சூடு இரண்டில் ஒன்றுதான் இஷ்டப்படி மாறலாம். அதையும் மலைக்காற்றின் குறைந்த அழுத்தம் எடுத்துக்கொள்கிறது. பிறகு காட்டையே வெட்டிப் போட்டாலும், இரண்டு திரவமும் இருக்கும்வரை சூடு ஏறாது. ஆவிதான் வேகமாக வரும்.

இதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு துரையிடம் போனேன். எங்கள் ஊர்ப்பக்கத்தவரான பெரிய கிளாக்கர் அலுவலக வாசலிலேயே மறித்தார்.

"உமக்கென்ன விசரோ? துரைக்குப் படிப்பிக்கப் போறீரோ? பேசாமல் போம்."

போனேன். தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, பேசாமல் போனேன்.

அந்த வாரமே கருப்பையாவை நிறுத்தி, லயத்தைக் காலி செய்யச் சொன்னார்கள். சட்டிபானைகளைச் சாக்கில் கட்டிக்கொண்டு ஐந்து பேரும் மழையில் இறங்கினார்கள். "வர்றேங்கய்யா" என்றார் என்னிடம். அந்த மரியாதையை இன்றைக்கும் என்னால் தாங்க முடியவில்லை.

புதிய ஆளும் விறகு போட்டான். இருநூற்றிரண்டு. வெப்பமானி பழுதென்று துரை வேறொன்று வாங்கினார். அதுவும் இருநூற்றிரண்டு. கடைசியில் அதைக் கழற்றி மூலையில் போட்டார்கள். கருப்பையாவைத் திருப்பிக் கூப்பிடுவோம் என்று ஒரு வாயும் திறக்கவில்லை, என் வாய் உட்பட.

பல வருடம் கழித்துப் போய்ப் பார்த்தேன். வடிசாலை இல்லை. லயம் இருந்த இடத்தில் தேயிலை நின்றது. பூனாகலை, பசறைத் தோட்டங்களில் கருப்பையாவைப் பற்றி விசாரித்தேன். "எந்தக் கருப்பையாங்க?" என்று கேட்டார்கள். அடுப்பெரித்த கருப்பையா என்றேன். அதற்குமேல் சொல்ல எனக்கும் ஒன்றும் தெரிந்திருக்கவில்லை.