இருநூற்றுப் பன்னிரண்டு சங்கிலி

சின்னராசாவைப் பற்றி எழுதுவதென்றால் முதலில் அவனுடைய நடையைப் பற்றித்தான் எழுத வேண்டும். மற்றவர்கள் நடப்பார்கள், அவன் அளப்பான். கலியாண வீட்டுக்குப் போகும்போதும் வாய்க்குள் காலடியை எண்ணிக்கொண்டுதான் போவான். போய்ச் சேர்ந்ததும், "உங்கட படலையிலயிருந்து கிணத்தடிக்கு இருபத்தேழு கவடு" என்று கேட்காத ஆளிடம் சொல்லுவான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இரண்டு தரம் ஆருக்கும் தெரியாமல் நடந்து பார்த்திருக்கிறேன். இருபத்தேழுதான்.

நாங்கள் இரண்டு பேரும் யாழ்ப்பாணத்தில் காணி இல்லாத வீட்டுப் பிள்ளைகள். ஸ்கந்தபுரத்துக்கு அப்பால் காட்டோரம் இருந்த குடியேற்றத்தில் எங்கள் தமையன்மாருக்கு வயல் கிடைத்தது. எங்களுக்கு அந்த வயலில் பன்றிக் காவல் கிடைத்தது. அறுபத்தோராம் ஆண்டு பெரிய றோட்டுக்கு அளக்கிற கூட்டம் வந்து கூடாரம் அடித்தபோது, கூப்பிடாமலே முதல்நாள் போய் நின்றவர்கள் நாங்கள்தான்.

மேற்குக் கடலோரத்தில் தொடங்கி, காட்டை ஊடறுத்து, கண்டி வீதியைக் கடந்து, கிழக்குக் கடல் வரைக்கும் ஒரே றோட்டு. கொழும்பில் யாரோ ஒரு பெரிய ஐயா படத்தின்மேல் அடிமட்டத்தை வைத்து ஒரே இழுவையில் கீறிவிட்டாராம். அவருக்கு அரை நிமிஷ வேலை. அந்தக் கோடு எந்த முள்ளுப் பற்றைக்குள்ளால் போகிறது, எந்தக் குளத்து வாய்க்குள் இறங்குகிறது என்று கண்டுபிடிக்கிறது எங்கள் தலையில் விழுந்தது.

சங்கிலி என்றால் அறுபத்தாறு அடி இரும்புச் சங்கிலி. எண்பது சங்கிலி ஒரு மைல். முன்நுனியைப் பிடித்துக்கொண்டு நான் போவேன். சங்கிலி விறைத்து நின்றதும் நிலத்தில் ஒரு இரும்புக் கம்பியைக் குத்துவேன். பின்நுனியோடு வருகிற சின்னராசா அந்தக் கம்பியைப் பிடுங்கிக்கொண்டு வருவான். அவன் கையில் சேருகிற கம்பிதான் கணக்கு. ஒரு கம்பி தவறினால் றோட்டே அறுபத்தாறு அடி தவறிப்போகும். உண்ணி கடித்தாலும் குளவி கலைத்தாலும் அவன் கணக்குத் தவறவில்லை. நான் கலைபட்டு ஓடியிருக்கிறேன், அவன் நின்று எண்ணியிருக்கிறான்.

எங்களுக்கு நாட்கூலி. நிரந்தரமாக்க வேண்டுமென்றால் அளக்கிற கூட்டத்துக்குப் பெரியவரான சேவையர் ஐயாத்துரை மேல் கந்தோருக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும். நான் அதைப் பற்றி அவ்வளவு யோசிக்கவில்லை. சின்னராசாவுக்கு அது உயிர். அவனுக்கும் பத்மாசனிக்கும் கலியாணமாகி ஏழு வருஷம். பிள்ளை இல்லை. தமையனுடைய வளவு மூலையில் ஒரு கொட்டில். "நிரந்தரமாகினா வேற வளவு பாப்பம், அண்ணிமாரின்ர வாயிலயிருந்து தப்பலாம்" என்று அவளுக்குச் சொல்லி வைத்திருந்தான். அண்ணிமாரின் வாய் எப்படிப்பட்டது என்று குடியேற்றம் முழுக்கத் தெரியும்.

அந்த வருஷம் மாரிக்கு முன் கடைசியாக நட்ட கல், முந்தின கல்லிலிருந்து இருநூற்றுப் பன்னிரண்டு சங்கிலியில் வந்தது. சேவையர் கொப்பியில் எழுதிக்கொண்டார். மழை பெய்தால் இலுக்குப் புல் வளர்ந்து கல்லை மூடிவிடும், வந்து தேடுகிறது கஷ்டம் என்று நினைத்த சின்னராசா, பக்கத்தில் ஒரு கவர்த்தடியை நட்டு அதில் ஒரு பிடி குழையை முறித்துக் கொழுவிவிட்டான். கூடாரத்தைக் கழற்றிக்கொண்டு போய்விட்டோம்.

வன்னியில் பிறந்த எவனும் இந்த வேலையைச் செய்திருக்க மாட்டான். காட்டுக்குள் இறங்குகிற சனம் பிள்ளையாரை நினைத்து ஒரு குழை முறித்துக் கொழுவிவிட்டுப் போவது இங்கே வழக்கம். அது யாழ்ப்பாணத்திலிருந்து வந்த எங்கள் இரண்டு மூளைக்கும் தெரியாது. தேன் எடுக்கப் போன ஒருவன், குழையைக் கண்டான், அடியில் கல்லைக் கண்டான், தானும் ஒரு குழை கொழுவிக் கும்பிட்டுவிட்டுப் போனான். அவனுக்கு அன்றைக்கு நல்ல தேன் கிடைத்திருக்க வேண்டும். கார்த்திகைக்குள் குழை குவிந்துவிட்டது. விளக்கு வைத்தார்கள். எங்கள் குடியேற்றத்துப் பெண்கள் வெள்ளிக்கிழமைகளில் இரண்டு மைல் நடந்து போய்ப் பொங்கினார்கள். பத்மாசனியும் போனாள். சின்னராசா கோயில் குளத்துக்குப் போகிற ஆள் இல்லை. மனிசி எந்தப் பிள்ளையாரிடம் போகிறாள் என்றுகூடக் கேட்கவில்லை. மார்கழியில் பத்மாசனி முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்தபோது அவன் என்னைக் கட்டிப்பிடித்து அழுதான். நானும் அழுதேன்.

மாசி முடிய கூடாரம் திரும்பி வந்தது. போய்ப் பார்த்தால், வெட்டின கோட்டின் நடுவே எங்கள் கல் எண்ணெய் பூசி, சிவப்புப் பட்டுக் கட்டி, நாலு தடியில் கிடுகுப் பந்தலுக்குக் கீழே இருக்கிறது. சேவையர் நல்லாகச் சிரித்தார். "என்ர கல்லுக்கு என்னைவிட நல்ல உத்தியோகம் கிடைச்சிருக்கு" என்றார்.

சிரிப்பு அன்று மத்தியானத்தோடு முடிந்தது. புதிய துண்டு தொடங்க முதல், கடைசித் துண்டை மறுபடியும் அளந்து சரிபார்க்க வேண்டும் என்று கந்தோர்க் கட்டளை. நானும் சின்னராசாவும் அளந்தோம். இருநூற்றுப் பதினொரு சங்கிலியும் ஏதோ அரைக்கவடு சொச்சமும். திரும்ப அளந்தோம். அதேதான். சொச்சத்தை விடலாம். ஒரு முழுச் சங்கிலியைக் காணவில்லை.

"எது பிழை? போன வருஷம் நீர் எண்ணினதோ, இப்ப எண்ணினதோ?" சேவையர் கேட்டார்.

"இரண்டும் சரி ஐயா."

பொய் சொல்லியிருந்தால் அந்த மனிதர் பொறுத்திருப்பார். இந்தப் பதிலைக் கேட்டதும் அவருக்கு முகம் கறுத்துவிட்டது. "ஒரு கம்பி தவறினது எண்டு ஒத்துக்கொள்ளும். மற்றப்படி உம்மை நான் எப்பிடி வைச்சிருக்கிறது?"

"தவறேல்லை ஐயா. தவறினது எண்டு சொன்னாத்தான் பொய்."

நான் பின்னால் நின்று அவன் சட்டையை இழுத்தேன். ஒத்துக்கொண்டு தொலையேன் என்றுதான். அவன் என் கையைத் தட்டிவிட்டான். சனிக்கிழமையோடு அவன் பெயர் வெட்டப்படும் என்று முடிவாயிற்று. கல்லை யாராவது அசைத்தீர்களா என்று சேவையர் குடியேற்றத்தில் ஆள்விட்டுக் கேட்டார். அரசாங்கக் கல்லில் கைவைத்தால் வழக்கு வரும் என்று எல்லோருக்கும் பயம். ஒருவரும் வாய் திறக்கவில்லை.

அடுத்த நாலு நாளும் சின்னராசா சாப்பிட்டானோ தெரியாது. வேலை முடிந்த பிறகு தனியாக அந்தக் கோட்டில் நடந்து எண்ணுவான். இருபது வருஷமாகத் தெரிந்த மனிதன், தன் வாயில் வருகிற இலக்கத்தைத் தானே நம்பாமல் நின்றான்.

வெள்ளிக்கிழமை காலை சங்கிலியைத் துடைத்துக்கொண்டிருக்கிறோம். பத்மாசனி தனியே நடந்து வந்தாள். நேரே சேவையரின் மேசைக்கு முன்னால் போய் நின்றாள்.

"ஐயா, கல்லை இடம் மாத்தினது நான்."

சேவையர் எழுந்து தன் கதிரையை அவளுக்கு இழுத்துப் போட்டார். அவள் இருக்கவில்லை.

"நாங்கள் ஆறு பெண்டுகள். தைப்பொங்கலுக்குப் போகேக்க பிள்ளையார் வெயிலுக்குள்ள நிண்டார். அந்தப் பாலை மரத்து நிழல் கோட்டிலதானே விழுகுது, அங்க வைப்பம் எண்டு கிளப்பினம். கிளப்பேக்க பின்பக்கத்தில இலக்கத்தைக் கண்டனான். அளந்த கல்லு எண்டு எனக்கு அப்பவே விளங்கீட்டுது. மற்றவைக்குச் சொல்லேல்லை, பட்டைக் கட்டி மூடினனான்."

"ஏன் பிள்ளை சொல்லேல்லை?"

"அப்ப எனக்கு இரண்டு மாசம் ஐயா. ஏழு வருஷத்துக்குப் பிறகு." சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள். "சொன்னா நீங்கள் கல்லை எடுத்துப்போடுவியள். எடுத்தா என்ர பிள்ளைக்கு ஏதும் வந்திடுமோ எண்டு பயந்தனான்."

"இப்ப பயமில்லையோ?"

"பயம்தான். ஆனா இவர் பிழையா எண்ணினவர் எண்டு ஆக்கள் கதைக்க நான் கேட்டுக்கொண்டு இருக்கேலாது. இவருக்கு அது ஒண்டுதான் இருக்கு."

சின்னராசா அவளையே பார்த்துக்கொண்டு நின்றான். ஏசப் போகிறான் என்று நினைத்தேன். அவன் கேட்டது இதுதான்: "எவ்வளவு தூரம் கொண்டு போனனீங்கள்?"

"எனக்கென்ன தெரியும். மரத்தடி மட்டும்."

"ஒரு சங்கிலி!" என்று கத்தினான். கண்ணால் தண்ணீர் ஓடியது. அந்த நேரத்தில் சங்கிலியைப் பற்றிச் சந்தோஷப்பட்ட மனிதனை என்ன செய்ய? பத்மாசனிக்கும் அழுகைக்குள் சிரிப்பு வந்துவிட்டது.

பழைய இடத்தைக் கிண்டினோம். அளவைக்காரர் கல் நடும்போது அடியில் கரியும் உடைந்த போத்தல் ஓடும் போட்டுத்தான் நடுவார்கள், கல் போனாலும் அடையாளம் இருக்கட்டும் என்று. கல்லை ஒருவரும் அசைக்கவில்லை என்று முடிவுகட்டிவிட்டதால் அதுவரைக்கும் கிண்டிப் பார்க்க எவருக்கும் தோன்றவில்லை. ஒரு முழத்தில் எல்லாம் அப்படியே கிடந்தது. அங்கிருந்து திரும்ப அளந்தோம். இருநூற்றுப் பன்னிரண்டு.

இனிக் கல் வெயிலுக்குத் திரும்ப வேண்டும். இதற்குள் மற்ற ஐந்து பெண்களும் செய்தி கேட்டு வந்து பந்தலைச் சுற்றி நின்றார்கள். முகங்களைப் பார்த்தால் கல்லில் கைவைக்கிறவனுக்குக் கை இருக்காது போலத் தெரிந்தது. வழக்கு வைக்கலாம் என்று சேவையர் சொல்லவில்லை.

"கண்டி வீதிக்கு இன்னும் ஐஞ்சு மைல். கோடு போய் அங்க பொருந்துமட்டும் எனக்கு இந்தக் கல்லு இந்த இடத்தில வேணும். பொருந்தின பிறகு பக்கத்தில வேற கல்லு நட்டுப்போட்டு இதைக் கிளப்பி உங்களிட்டையே தருவன். அதுவரைக்கும் கடன் தாங்கோ" என்றார்.

அரசாங்கம் தங்களிடம் பிள்ளையாரைக் கடன் கேட்டது பெண்களுக்குப் பிடித்துவிட்டது. பந்தலையும் கூடவே கொண்டுபோய்ப் போடலாம் என்றால் சரி என்றார்கள். கருவியை வைத்துக் கோட்டைப் பார்க்கும்போதெல்லாம் மறைக்கிற ஒரு பக்கக் கிடுகைச் சேவையரே கழற்றி, பிறகு கட்ட வேண்டியிருந்தது. முதல் நாள் பெண்கள் பார்த்துக்கொண்டு நின்றதால் சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் கல்லடிக்குப் போனார். அடுத்த நாள் பெண்கள் யாருமில்லை. அன்றும் கழற்றினார்.

அந்தக் கிழமையே கடிதம் எழுதினார். சின்னராசாவுக்கு மட்டுமல்ல, எனக்கும். என்னுடையதை அவனோடு சேர்த்துச் சும்மா போட்டிருக்க வேண்டும். ஆனியில் கோடு கண்டி வீதியில் போய்ப் பொருந்தியது. சொன்ன சொல் தவறாமல் கல்லைக் கிளப்பித் தந்தார். சின்னராசா அதைத் தோளில் வைத்துப் பாலை மரத்தடிக்குக் கொண்டுபோனான். கோயில் குளத்துக்குப் போகாத மனிதன் அன்று எங்கள் எல்லோரையும்விட முன்னால் நடந்தான்.

அப்போதைக்கு அது றோட்டு இல்லை. இருபதடி அகலத்துக்கு மரம் வெட்டின கோடு. கிறவல் வரவில்லை, தார் வரவில்லை, அடிக்கட்டைகள்கூட முழுக்கக் கிளப்பவில்லை. ஆனால் பழைய வண்டிப் பாதையால் பதினாலு மைல் சுற்றிக் கிளிநொச்சிக்குப் போகிற சனத்துக்கு, ஏழு மைலில் கண்டி வீதி வந்துவிட்டது. அங்கே பஸ் வரும், லொறி வரும். எங்கள் குடியேற்றத்தில் அதுவரைக்கும் ஒரு தாயும் நேரத்துக்கு ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்ததில்லை. இரண்டு பேர் பாதையிலேயே போய்விட்டார்கள்.

ஆவணியில் ஒரு முற்பகல் பத்மாசனிக்கு வலி எடுத்தது. மகள் அன்று பின்னேரம் கிளிநொச்சி ஆஸ்பத்திரியில் பிறந்தாள், தாயும் பிள்ளையும் சுகம். அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். வாசிக்கிறவர்களைப் பயப்படுத்துகிறது எனக்குப் பிடிக்காது. ஆனால் வண்டிலில் போகும்போது அது எங்களுக்குத் தெரியாது.

கூடாரத்துக்குச் சாமான் ஏற்றுகிற, நாங்கள் அண்ணன் முறையில் காக்கா என்று கூப்பிடுகிற மீராசாகிபுவின் மாட்டுவண்டில். காக்கா அடிக்கட்டைகளுக்குள்ளால் வளைத்து வளைத்து ஓட்டினார். உள்ளே வைக்கோலுக்கு மேல் பத்மாசனி, தலைமாட்டில் சின்னராசா. நான் வண்டிலுக்குப் பின்னால் ஓடினேன். அந்தப் பெரிய றோட்டில் ஓடிய முதல் வாகனம் அதுதான். படத்தில் கோடு கீறின ஐயாவுக்கு இது தெரிந்திருக்காது.

வலி கூடக்கூட அவள் கத்தினாள். "இஞ்சாருங்கோ, என்னால ஏலாது. இன்னும் எவ்வளவு தூரம்?"

அப்போதுதான் ஒரு முளையைத் தாண்டினோம். நானும் அவனும் சேர்ந்து அடித்த முளை. அங்கிருந்து கண்டி வீதிக்கு நூறு சங்கிலி. ஒன்றேகால் மைல். அவன் முளையைப் பார்த்தான். அவள் முகத்தைப் பார்த்தான்.

"முப்பது சங்கிலி" என்றான்.

நான் வாயைத் திறந்தேன். அவன் என்னைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன்.

"அப்ப சரி காக்கா, ஓட்டுங்கோ" என்றாள் பத்மாசனி. "இவர் சொன்னாச் சரியாத்தான் இருக்கும்." பல்லைக் கடித்துக்கொண்டு, அவன் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, சத்தமில்லாமல் படுத்தாள்.

கொஞ்ச நேரத்தில் திரும்பக் கேட்டாள். சின்னராசா அவள் நெற்றியைத் துடைத்தான். "முப்பது" என்றான். காக்கா ஒருதரம் திரும்பி என்னைப் பார்த்துவிட்டு மாட்டைத் தட்டினார். கண்டி வீதியில் பஸ் சத்தம் கேட்கும் வரைக்கும் அந்த முப்பது குறையவேயில்லை.