சகலை என்று முதலில் அழைத்தவர்

"அப்பாவைப் பத்தி நீங்கதான் எழுதணும், சித்தப்பா" என்று மறைந்த சகலையின் மகள் நினைவு மலருக்காகக் கேட்டபோது தயங்கினேன். மகனும் தம்பியும் எழுத வேண்டிய இடத்தில் சகலைக்கு என்ன வேலை? அக்காளையும் தங்கையையும் கட்டிய இருவர். ஒரே வீட்டில் பெண்ணெடுத்து மாட்டிக்கொண்டவர்கள் என்று ஊரே கேலி பேசும் உறவு. எனக்கு அது அவ்வளவோடு முடிந்துவிடவில்லை.

சகலை அவர்கள் பல்லாவரத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். சிறு வயதிலேயே தந்தையை இழந்து, வெள்ளிக்கிழமைச் சந்தையில் காய்கறி விற்றுத் தம்பிகளைப் படிக்க வைத்தார். பிறகு மளிகைக்கடை வைத்தார். கோபம் நிறைய உண்டு. வஞ்சம் துளியும் கிடையாது.

எண்பதுகளில், அவருடைய மனைவியின் தங்கையை நான் சாதி விட்டு மணந்தேன். மாமனார் எங்களைத் தலைமுழுகிவிட்டார். அஸ்தினாபுரத்தில் வாடகை வீடு. பிறந்த வீட்டுப் பேச்சை எடுத்தாலே என் மனைவி அழுதுவிடுவாள். பொங்கலுக்குச் சில நாள் முன்பு, மாலையில் வாசலில் ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது.

"இன்னா சகல, வூட்ல கீறீங்களா?"

அந்தக் குடும்பத்தில் என்னை முறை சொல்லி அழைத்த முதல் மனிதர் அவர்தான்.

மாட்டுப் பொங்கல் விருந்தில் மூத்த மாப்பிள்ளை கை வைக்காமல் மாமனார் வீட்டில் யாரும் சாப்பிட மாட்டார்கள். அந்த ஆண்டு அவர் இலை முன்னால் உட்கார்ந்தார், கை வைக்கவில்லை. கறிக்குழம்பு ஆறியது. பிள்ளைகள் சிணுங்கின. "சகல வரட்டும் மாமா. நான் பாட்டுக்குக் குந்திகினு கீறேன்" என்று மட்டும் சொன்னாராம்.

வெயில் சாயும் நேரத்தில் எங்கள் வாசலில் மாமனாரே ஆட்டோவில் வந்து நின்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"உங்க சகல சாப்ட மாட்டேன்றாரு. ரெண்டு பேரும் கெளம்புங்க."

மாப்பிள்ளை என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. ஆனால் சகலை என்று சொல்லிவிட்டாரே, அதற்குமேல் மறுக்க என்ன இருக்கிறது? என் மனைவி செருப்புகூடப் போடாமல் ஆட்டோவில் ஏறிவிட்டாள்.

அன்று தம் பக்கத்தில் எனக்குப் போடச் சொன்ன இலையை, பிறகு எந்த விருந்திலும் சகலை வேறு இடத்துக்கு மாற்ற விட்டதில்லை. கடைசி நாட்களில் மருத்துவமனையில் கஞ்சியைக் கொடுத்தாலும், "சகல சாப்ட்டாரா?" என்றுதான் முதலில் கேட்பார்.

அந்த நாட்களில் உடனிருந்து பார்த்துக்கொண்ட அவருடைய தம்பிகளுக்கும், கடையை மூடாமல் நடத்திக்கொடுத்த சந்தை நண்பர்களுக்கும் குடும்பத்தார் அனைவரும் என்றும் கடமைப்பட்டிருக்கிறோம்.

என் மனைவியோடு பிறந்த பெண் அந்த ஒரே அக்காள்தான். மாப்பிள்ளை என்றும் சித்தப்பா என்றும் என்னை அழைக்க இன்று அந்த வீட்டில் நிறையப் பேர் இருக்கிறார்கள். சகலை என்று அழைக்க இனி ஒருவரும் இல்லை.